பிரெஞ்சு ஊர்களுக்கு ஒரு நிதானமான ரயில் பயணம்: காரைக்கால், புதுச்சேரி, மாஹே

நிலை வைப்பை முதிர்வுக்கு முன்னரே முடித்துக்கொள்ள வருகின்ற மூத்த வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணங்கள் மருத்துவமும் பிள்ளைகளின் திருமணமுமே. அண்மைக் காலமாக மூன்றாவதாக ஒரு காரணமும் சேர்ந்துள்ளது. அது வெளிநாட்டுச் சுற்றுலா. காக்ஸ் டவுன் போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளில் இதைச் சற்று அதிகமாகவே காண்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டிலோ வேறு நகரங்களிலோ குடியேறிவிட்டனர். வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கின்றனர். முப்பது ஆண்டுக் குடும்பப் பொறுப்பு முடிந்த நிலையில், ஒரு முறையாவது பிரான்சு நாட்டின் ஊர்களை ரயிலில் இருந்து பார்த்துவர வேண்டும் என்ற ஆசை எழுகிறது. அந்த ஆசையில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அதற்கான கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பவர் குறைவு.

எடுத்துக்காட்டாக, இருவரின் பயணத்திற்கு 6 லட்சம் ரூபாய் வைப்பை உடைப்பதாகக் கொள்வோம். 7 விழுக்காடு வட்டியில் அத்தொகை ஆண்டுக்கு 42,000 ரூபாய், அதாவது மாதம் 3,500 ரூபாய் ஈட்டித் தருகிறது. பல வீடுகளில் இருவரின் மருந்துச் செலவு அந்த 3,500 ரூபாயில்தான் நடக்கிறது. சுற்றுலா பத்து நாளில் முடிந்துவிடும். மாத வருமானத்தில் ஏற்படும் குறைவோ ஆயுள் முழுவதும் தொடரும். முன்முடிப்புக்கான வட்டிக் குறைப்பு, ஐரோப்பிய விசாவிற்கு ஆளுக்கு 90 யூரோ, அந்த விசாவிற்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பின் மீது மூலத்திலேயே திரட்டப்படும் வரி ஆகியவை தனி. அவ்வரியை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை பணம் கையை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே ஒரு மாற்று யோசனையை இங்கு முன்வைக்கிறேன். பிரெஞ்சு ஊர்களை ரயிலில் நிதானமாகப் பார்த்துவர வேண்டும் என்பதே விருப்பமானால், அதன் முதல் பகுதியைப் பெங்களூரிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சுக்காரர் இந்தியாவில் ஐந்து ஊர்களை நெடுங்காலம் ஆண்டனர். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தன்நகர் என்பன அவை. இவற்றுள் முதல் மூன்றையும் ஒரே வட்டப் பயணமாக ரயிலில் சுற்றி வர இயலும்.

கடல் வழி வந்த ஊர்கள், பின்னால் வந்த ரயில்

இந்த ஐந்து ஊர்களும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிச் சிதறிக் கிடப்பது பலருக்கும் வியப்பளிக்கும். வரைபடத்தில் ஆறுகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1664-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலப்பரப்பு முதல் தேவையாக இருக்கவில்லை. துணியும் மிளகும் கப்பலேறும் துறைகளே தேவைப்பட்டன. காரைக்காலுக்கு அரசலாறு, மாஹேக்கு மய்யழி ஆறு, ஏனாமுக்குக் கோதாவரி, சந்தன்நகருக்கு ஊக்ளி, புதுச்சேரிக்கு அரியாங்குப்பம் ஆறு என ஒவ்வோர் ஊரும் ஓர் ஆற்றையோ அதன் முகத்துவாரத்தையோ பற்றிக்கொண்டு வளர்ந்தது.

ரயில் வந்தது மிகவும் பிற்காலத்தில். அதை இட்டவர்களும் பெரும்பாலும் ஆங்கிலேயர் தரப்பினரே. பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு 1864-இலேயே ரயில் வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பாதை திறக்கப்பட்டது 1879-இல். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-இல். மாஹே ரயில் நிலையமோ இன்றும் மாஹேயின் எல்லைக்கு வெளியே, கேரளத்தின் அழியூரில் நிற்கிறது. ஏனாமுக்கு இதுவரை ரயிலே இல்லை. கடலில் வந்தவனுக்கு முகம் காட்டிய இந்த ஊர்களுக்கு ரயில் பயணி கொல்லைப்புறம் வழியாகத்தான் நுழைகிறான். வயல், பனை, செங்கல் சூளை, அதன்பின் சட்டென்று ஒரு நேர்க்கோட்டு வீதி என்று அந்த நுழைவு அமையும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் செல்பவருக்கு இது கிடைப்பதில்லை.

முதல் ஊர் காரைக்கால்

காக்ஸ் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பையப்பனஹள்ளி சர் எம். விஸ்வேஸ்வரய்யா முனையத்திலிருந்து காரைக்காலுக்கு நாள்தோறும் காலையில் ஒரு வண்டி புறப்படுகிறது. ஓசூர், தர்மபுரி, சேலம், விருத்தாசலம், கடலூர் வழியே காவிரிக் கழிமுகத்திற்குச் சென்று, இரவில் காரைக்கால் சேர்கிறது. பல ஆண்டுகள் பாசஞ்சராக ஓடிய வண்டி இது. இப்போது விரைவு வண்டி எண் பெற்றுவிட்டது, குணம் மாறவில்லை. பாரிசிலிருந்து லியோன் வரை நானூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை அந்நாட்டு அதிவேக ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது. நம் வண்டிக்கு ஒரு பகல் முழுவதும் வேண்டும். நிதானப் பயணம் விரும்புவோருக்கு இது குறையன்று. சேலத்து மேட்டு நிலத்திலிருந்து நெய்வேலிச் செம்மண்ணுக்கும், அங்கிருந்து வயல் நிலத்திற்கும் நாடு இறங்கிச் செல்வதை ஒரே சன்னலில் காணலாம். இருக்கை வசதியை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று. முதுகு வலி உடையவர்கள் இரவு வண்டியில் மயிலாடுதுறை சென்று அங்கிருந்து மாறலாம்.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஆனால் இவ்வூரின் வணிக வரலாறு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான காரைக்கால் அம்மையார் வணிகர் குலத்தவர். அவர் கணவர் பரமதத்தன் கப்பலேறிப் பொருளீட்டச் சென்றவர். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், ஊர்வலத்தின்போது வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை வீசுவர். பயணத்தை அந்நாளுக்குப் பொருத்திக்கொள்ள முடிந்தால் நல்லது. ஆனால் விடுதி அறையை வெகு முன்னரே பதிவு செய்ய வேண்டியிருக்கும். சனிப்பெயர்ச்சி நாள்களைத் தவிர்ப்பதே அறிவுடைமை. திருநள்ளாறு அருகிலேயே இருப்பதால் அந்நாள்களில் ஊரே நிரம்பி வழியும்.

பிரெஞ்சு அடையாளங்களைத் தேடி இங்கு வருபவர் சற்றுப் பொறுமை காக்க வேண்டும். புதுச்சேரியைப் போலக் காரைக்கால் தன்னைச் சுற்றுலாவிற்காக அலங்கரித்துக்கொள்ளவில்லை. சில வீதிப் பெயர்கள், பழைய தேவாலயம், அரசு அலுவலகங்களின் உயர்ந்த கதவுகள், பிரான்சு அரசின் ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள் ஆகியவற்றில்தான் அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் போதும். மாலையில் அரசலாற்றங்கரை வழியாகக் கடற்கரை வரை நடந்து வரலாம்.

1898-இல் இடப்பட்ட பேரளம் பாதை 1980-களில் மூடப்பட்டது. அதன்பின் காரைக்காலுக்கு ரயிலே இல்லாத நிலை ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்தது. 2011-இல் நாகூரிலிருந்து அகலப் பாதை நீட்டிக்கப்பட்ட பின்னரே மீண்டும் வண்டி வந்தது. பேரளம் பாதையும் அகலப் பாதையாக மீண்டும் இடப்பட்டுள்ளது. அதில் செல்லும் பயணிகள் வண்டி கிடைத்தால் மயிலாடுதுறைக்கு நாகப்பட்டினம், திருவாரூர் என்று சுற்ற வேண்டியதில்லை. அட்டவணையைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்க.

புதுச்சேரியில் மூன்று நாள்

மயிலாடுதுறை, சிதம்பரம், விழுப்புரம் வழியாகப் புதுச்சேரியை அடையலாம். விழுப்புரத்திலிருந்து கிளைப்பாதை ஏறத்தாழ 38 கிலோமீட்டர். இடையில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால், எந்த வயல் எந்த அரசுக்குரியது என்று சன்னலிலிருந்து சொல்ல இயலாது. வண்டி நிற்கும் நிலையம் ஊரின் தென் புறத்தில் உள்ளது. வெளியே வந்ததும் சற்றுத் தொலைவில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் கோபுரங்கள் தெரியும். 1907-இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கோயிலின் வண்ணக் கண்ணாடிகளைக் காலை வெயிலில் காண வேண்டும்.

இங்குப் பெரும்பாலானோர் செய்வது, வெள்ளை நகரில் மஞ்சள் சுவர் முன்னின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு காப்பி அருந்திவிட்டுத் திரும்புவது. அதற்கு அரை நாள் போதும். ஆனால் இந்நகரைப் படிக்க வேண்டுமானால் நடக்க வேண்டும். வீதிகள் கட்டம் கட்டமாக அமைந்திருப்பதைக் கண்டு பிரெஞ்சுக்காரரின் திட்டம் என்று பலரும் எண்ணுவர். 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்த திட்டம் அது. ஊரைச் சுற்றி ஓடும் முட்டை வடிவப் புல்வார் சாலைகள் முன்பு கோட்டை மதில் இருந்த இடம். 1761-இல் ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் அந்த அழிவிற்குப் பின் எழுந்தவை. அழிவுக்கு முந்திய ஊரை அறிய விரும்புவோருக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736 முதல் 1761 வரை, துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஒரு வணிகர் கப்பல் வரவு, சரக்கு விலை, அரசியல் சூழ்ச்சி என யாவற்றையும் தமிழில் எழுதி வைத்த பெரும் பதிவு அது. வணிகவியல் படித்தவன் என்ற முறையில், அதை நம் மொழியின் முதன்மையான வணிக ஆவணங்களுள் ஒன்றாகவே கருதுகிறேன். அவர் வீடு இன்றும் அவர் பெயர் கொண்ட வீதியருகே நிற்கிறது.

முதல் நாள் கடற்கரைச் சாலைக்கு ஒதுக்கலாம். 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொணரப்பட்ட கல்தூண்கள் சூழ்ந்த காந்தி சிலை, முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிரிழந்த வீரர்களுக்கு 1938-இல் அமைந்த நினைவுச் சின்னம் ஆகியவை ஒரே நடையில் அடங்கும். சூலை 14-ஆம் நாள் இங்கு இருப்பவர்கள், பிரெஞ்சுத் தேசிய நாளில் பதக்கம் அணிந்த முதிய தமிழ் வீரர்கள் நினைவுச் சின்னத்தின் முன் நிற்பதைக் காணலாம். அருகிலுள்ள நகர மண்டபத்தின் கதையும் அறியத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது.

வங்கித் துறையினர் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு. 1875-இல் பாரிசில் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி, புதுச்சேரியில் கிளை நடத்தி, பிரெஞ்சிந்தியாவிற்கான ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. பிரெஞ்சு மொழியில் அச்சிடப்பட்டிருந்தாலும் அதன் மதிப்பு ரூபாயில்தான் இருந்தது. ஆட்சி பிரான்சினுடையது, கடைத்தெருவின் கணக்கு ரூபாய்! ஒரு நாட்டின் கொடியைவிட அதன் சந்தை எப்படி வலிமையானது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இரண்டாம் நாளைக் கால்வாய்க்கு மேற்கே செலவிட வேண்டும். பழைய நகரை இரண்டாகப் பிரித்த இக்கால்வாயின் கிழக்கில் வெள்ளையரும், மேற்கில் தமிழரும் வாழ்ந்தனர். மேற்கே உள்ள வைசியாள் வீதியில் கீழே திண்ணையும் தூண்களும், மேலே பிரெஞ்சுப் பாணி சன்னல்களும் கொண்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவ்வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. என் கருத்தில், மஞ்சள் சுவர்களைவிட இந்த வீடுகளே புதுச்சேரியின் உண்மையான சிறப்பு. இத்தகைய கலப்பைப் பிரான்சில் காண இயலாது. 1908 முதல் 1918 வரை பாரதியார் வாழ்ந்த காலத்தை நினைவூட்டும் இல்லமும், பாரதிதாசன் வாழ்ந்த வீடும் இப்பக்கத்திலேயே உள்ளன. எதிர்ப்புறம், பாரதி பூங்காவின் நடுவே உள்ள ஆயி மண்டபத்தில் சற்று உட்காரலாம். தன் மாளிகையை இடித்து ஊருக்குக் குளம் வெட்டித் தந்த ஆயி என்னும் பெண்ணின் மரபுக்கதையைக் கேட்டு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது அது.

மூன்றாம் நாள் கீழூருக்குச் சென்று வருவது நன்று. 1954 அக்டோபர் 18 அன்று அச்சிற்றூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் 1956-இல் கையொப்பமானாலும், 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நிறைவுற்றது. அதன்பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கணவன் ஒரு நாட்டவர், அண்ணன் வேறு நாட்டவர் என்று ஆன குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஒரு தாளில் இட்ட கையெழுத்து மூன்று தலைமுறைகளின் வருமானத்தையும் வசிப்பிடத்தையும் மாற்றியது.

மேற்குக் கரையில் மாஹே

புதுச்சேரியிலிருந்து மங்களூருக்குச் செல்லும் வாராந்திர விரைவு வண்டி, கிழக்குக் கரையின் பிரெஞ்சு ஊரையும் மேற்குக் கரையின் பிரெஞ்சு ஊரையும் இணைக்கிறது. சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு வழியாக இரவுப் பயணம். பயணத் திட்டம் முழுவதையும் இந்த வண்டியின் நாளை நடுவில் வைத்தே அமைக்க வேண்டும். வண்டி மாஹேயில் நிற்குமா என்பதைப் பதிவின்போது உறுதி செய்துகொள்க. இல்லையேல் தலச்சேரியில் இறங்கலாம். அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு.

மாஹேயின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர். மதுக்கடைகள் மிகுந்த ஊர் என்ற பெயர் அதற்கு உண்டு. நெடுஞ்சாலையில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அப்பெயர் சரியாகத்தான் தோன்றும். சாலையை விட்டு ஆற்று முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் வேறொரு ஊர் தென்படும். கரையோர நடைபாதை, நிழல் மரங்கள், பழைய நிர்வாகியின் மாளிகை, 1736-இல் தோற்றம் கொண்ட புனித தெரேசா ஆலயம் ஆகியவை அங்கு உள்ளன. ஆலயத் திருவிழா அக்டோபரில் நடைபெறும். எம். முகுந்தன் 1974-இல் வெளியிட்ட மலையாளப் புதினம் இவ்வாற்றங்கரையை மையமாகக் கொண்டது. படித்தவர்கள் இங்கு ஒரு நாள் அதிகம் தங்குவர்.

திரும்புவதற்குக் கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூர் வரும் விரைவு வண்டியில் மாலையில் தலச்சேரியில் ஏறினால், மறுநாள் காலை பானஸ்வாடியிலேயே இறங்கிக்கொள்ளலாம். காக்ஸ் டவுன்வாசிகளுக்கு அது பக்கத்து நிலையம்.

பயணச்சீட்டும் பணமும்

இத்தகைய பயணத்திற்கு ரயில்வே வழங்கும் 'சுற்றுப் பயணச்சீட்டு' என்னும் வசதியை அறிந்தவர் குறைவு. புறப்பட்ட நிலையத்திற்கே திரும்பி வருவதாக வழியை வகுத்து விண்ணப்பித்தால், முழுப் பயணத்திற்கும் ஒரே சீட்டு கிடைக்கும். வழியில் எட்டு இடங்கள் வரை தங்கிச் செல்லலாம். மொத்தத் தொலைவைப் பாதியாகப் பகுத்து, இரண்டு நீண்ட பயணங்களாகக் கொண்டு கட்டணம் கணக்கிடப்படுவதால், துண்டு துண்டாகச் சீட்டு வாங்குவதைவிடச் செலவு குறையும். எந்த நிலையத்தைத் தொடக்கமாகக் குறிப்பது என்பதைக் கோட்ட வணிக அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்துகொள்க. ஒவ்வொரு கட்டத்திற்கும் படுக்கை முன்பதிவைத் தனியே செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்.

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை, இக்கட்டுரை எழுதும் வரை மீளவில்லை. ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தொடர்கிறது. 60 வயது நிறைந்த ஆணும் 45 வயது நிறைந்த பெண்ணும் ஒரே சீட்டில் இருவராகப் பதிவு செய்தால் அதற்குத் தகுதியுண்டு. மூன்றாவது ஒருவரை அதே சீட்டில் சேர்த்தால் அந்தத் தகுதி போய்விடும். மகனையோ பேத்தியையோ அழைத்துச் செல்வோர் அவர்களுக்குத் தனிச்சீட்டு எடுப்பதே நன்று.

செலவிற்கு வைப்பைத் தொட வேண்டியதில்லை. மாதம் 3,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்கினால் 36,000 ரூபாய் சேரும். 6.5 விழுக்காட்டில் வட்டி 1,250 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். எளிய விடுதிகளில் தங்கி எட்டு, பத்து நாள் சுற்றி வர இருவருக்கு இது போதுமானது. குளிர்சாதன வகுப்பும் வெள்ளை நகர விடுதியும் விரும்புவோர் தொகையை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். இதன்பின்னும் பிரான்சு செல்லும் ஆசை மிகுந்திருந்தால், அதற்கென்று தனியாக மூன்றாண்டுத் தொடர் வைப்பு தொடங்குமாறு சொல்வேன். முழங்கால் ஒத்துழைக்கும் வயதிலேயே இரண்டையும் திட்டமிடுவது நல்லது. புதுச்சேரியில் தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்க முடிகிறதா என்பதை வைத்தே, பாரிசில் நடக்க முடியுமா என்பதைக் கணித்துக்கொள்ளலாம்.

எஞ்சியவை ஏனாமும் சந்தன்நகரும். ஏனாமுக்குக் காக்கிநாடா வரை ரயிலில் சென்று, பின் பேருந்தில் செல்ல வேண்டும். 1950-லேயே இந்தியாவிடம் வந்துவிட்ட சந்தன்நகருக்கு, ஹவுராவிலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேர அளவில் செல்லலாம். ஊக்ளிக் கரையில் துய்ப்ளேக்சின் பெயரோடு தொடர்புடைய மாளிகை அருங்காட்சியகமாக உள்ளது. ஹவுராவிற்கான விரைவு வண்டியும் பையப்பனஹள்ளி முனையத்திலிருந்தே புறப்படுகிறது.